குட்டி தின்ற மாவு

நான் பால்வாடி டீச்சராகச் சேர்ந்த முதல் வருஷம், பிள்ளைகளுக்கென்று அளந்து கொடுத்த சத்துமாவைத் தின்று ஓர் ஆட்டுக்குட்டி கொழுத்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அரியலூரில் ஒரு கூட்டத்தில் சொன்னபோது நாற்காலியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தக் குட்டியைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமைதான். அதை வளர்த்தவளைப் பற்றி அதைவிடப் பெருமை.

எழுபதுகளின் கடைசி அது. எங்களுக்கு ஜில்லா அப்போது திருச்சி. நான் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்களின் மகள். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண். களை எடுத்த சேறு காயாத கையோடு அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள். அதனால் வேலை உத்தரவு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கஞ்சி போட்ட புடவை, கையில் கடிகாரம், தோளில் பை என்று நான் நடந்த நடையைப் பார்த்து கலெக்டரே வருகிறார் என்று எங்கள் தெருப் பெண்கள் கேலி செய்வார்கள். கோபமும் எனக்கு மூக்குக்கு மேல் வரும். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நான் சொல்கிறேன். என் பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை.

எனக்குக் கிடைத்த இடம் செந்துறை பஸ்ஸிலிருந்து இறங்கி முந்திரிக்காட்டை ஒட்டி இரண்டு மைல் நடக்க வேண்டிய ஒரு ஆட்டுக்காரக் குடியிருப்பு. முப்பது வீடு இருக்கும். வானம் பார்த்த செம்மண் பூமி. மழை பெய்தால் கம்பும் வரகும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் வரும், பெய்யாவிட்டால் ஆடுதான் கதி. மழைக்காலத்தில் மந்தைகள் ஊரில் இருக்கும். மாசியில் அக்கரைச் சீமையில் அறுப்பு முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, திருமழபாடிப் பக்கம் கொள்ளிடத்து மணலில் இறங்கி, தஞ்சாவூர் வயல்களில் கிடை போடப் போய்விடுவார்கள். ராத்திரி ஆடு அடைத்த வயலுக்கு அதன் புழுக்கையும் மூத்திரமும் உரம். அதற்குக் கூலி நெல். ஆடியில் திரும்பி வருவார்கள். பெண்களும் சின்னப் பிள்ளைகளும் கூடவே போவார்கள். குட்டிகளைப் பார்த்துக்கொள்வது பெண்கள் வேலை.

நூற்றுக்கணக்கில் ஆடு இருக்கிற இடத்தில் பிள்ளைகள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு, கையும் காலும் குச்சியாக, முடி செம்பட்டையாக இருந்தார்கள். போகப் போகத்தான் தெரிந்தது. செம்மறியை அவர்கள் கறப்பதே இல்லை. அந்தப் பால் குட்டிக்கு உரியது, அதில் கை வைத்தால் மந்தை விளங்காது என்பார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு வெள்ளாடு உண்டு. அதன் பால் தாய் செத்த குட்டிக்குப் போகும். முட்டை சந்தைக்குப் போகும். கறி என்பது நல்ல நாளுக்கு. அடுப்பு ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஆடு திரும்புகிற பொழுதில் எரியும். கம்பங்களி கிண்டித் தின்றுவிட்டு, மிச்சத்தைக் காலையில் கரைத்துக் கூழாகக் குடித்துவிட்டு ஆண்கள் மந்தையோடு போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைக்கு அந்தக் கூழின் மேலே தெளிந்து நிற்கிற தண்ணீர். கெட்டியாகக் கொடுத்தால் மாந்தம் வந்து, வயிறு உப்பி, பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்று பயம். ஒன்றரை வயசுப் பிள்ளைக்கும் தாய்ப்பாலும் மேல்தண்ணீரும்தான் ஆகாரம்.

ஆபீசில் ஒரு தொங்குதராசு கொடுத்திருந்தார்கள். மேலே கொக்கி, கீழே பிள்ளையை உட்கார வைக்கத் துணித்தூளி. சேர்ந்த முதல் வாரம் அதை வேப்பங்கிளையில் மாட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னேன். பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், யாரும் கிட்டே வரவில்லை. அங்கே பெரிய மந்தைக்காரர் ஒருவர் இருந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தராசைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நாங்க குட்டியவே எட போடறதில்ல. எட போடறது கறிக்குத்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அவசரக்காரிக்கும் அதுதான். இதில் ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தையைப் பிடித்து ஒரே கையால் தூக்கிவிட்டேன். அதன் கனமின்மை என் கைக்குத் திக்கென்றது. குடத்தில் தண்ணீர் இருக்கும் என்று நினைத்துத் தூக்கி, காலியாக இருந்தால் கை மேலே போகுமே, அப்படிப் போனது. தூளியில் வைப்பதற்குள் அதன் தாய் வந்து என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். கூட்டம் கலைந்துவிட்டது.

நான் செய்த தப்பு என்னவென்று பிறகு தெரிந்தது. குட்டி தேறுகிறதா இல்லையா என்பதை அவர்கள் தூக்கிப் பார்த்துத்தான் சொல்வார்கள். அதை மந்தைக்கு உரியவர்கள் மட்டும்தான் செய்யலாம். வெளியாள் தூக்கினால் குட்டி தேறாது. வியாபாரிகூட விலை படிந்த பிறகுதான் தொடலாம். நான் வெளியாளிலும் வெளியாள். பால்வாடியில் என் கையால் கிண்டிய உப்புமாவை அவர்கள் பிள்ளைகள் தின்னவில்லை. வருவார்கள், பாட்டுச் சொல்வார்கள், மத்தியானமானால் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். நான் எந்தத் தெருக்காரி என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கெல்லாம் வீடு திரும்பும்போது முந்திரிக்காட்டில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடப்பேன்.

கடைசியில் சமைக்காத மாவையே வாரத்துக்கு ஒரு முறை அளந்து தாய்களிடம் கொடுக்க ஆரம்பித்தேன். மூட்டையில் வருகிற வெளிர்மஞ்சள் மாவு. கொதிக்கிற தண்ணீரில் கிண்டிப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். விதிப்படி அது தப்பு. பால்வாடியில் வைத்துத்தான் ஊட்ட வேண்டும். பிள்ளை வயிற்றைவிட விதி பெரிசில்லை என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். மாவை வாங்கிக்கொண்டார்கள்.

நான் தூக்கிய குழந்தையின் தாய் அந்தப் பெரிய மந்தைக்காரரின் மருமகள். என் வயசுதான் இருக்கும், இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் ஆட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவாள். குழந்தைக்கு ஒன்றரை வயசாகியும் நிற்கவில்லை. பிடித்து நிறுத்தினால் கால் மடங்கிவிடும். அவளுடைய கதையைப் பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் சொன்னார்கள். அதற்கு முந்தின சித்திரையில், கிடையோடு போயிருந்த இடத்தில், மூன்று வயசு நிரம்பாத மூத்த பையன் கழிச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். அறுத்த வயலின் வரப்போரத்தில் புதைத்துவிட்டு மறுநாள் கிடையை அடுத்த வயலுக்கு மாற்றினார்கள். கிடை ஓரிடத்தில் நிற்க முடியாது. எந்த ஊர், எந்த வயல் என்றுகூட இப்போது அவளுக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை.

இன்னும் மூன்று மாசத்தில் மாசி வந்துவிடும். இந்தக் குழந்தையும் இதே உடம்போடு அந்த வெயிலுக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். விட்டுவிட்டுப் போக ஆளில்லை. போகாமல் இருக்கவும் வழியில்லை. நான் அவளிடம் போய், மாசிக்குள் உன் பிள்ளையை நிற்க வைத்துக் காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்காமலே கொடுத்த வாக்கு. மற்றவர்களுக்கு ஒரு படி என்றால் அவளுக்கு ஒன்றரைப் படி மாவு அளந்தேன்.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. குழந்தை அப்படியே இருந்தது. என் கண்ணுக்கு இன்னும் இளைத்தது போலக்கூடத் தெரிந்தது. மாவு தீர்ந்ததா என்று கேட்டால் தீர்ந்தது என்பாள். கிண்டினாயா என்றால் கிண்டினேன் என்பாள். எனக்குத் தலை வெடித்தது. அளவில் குற்றமா, மாவில் குற்றமா, பிள்ளைக்கு வேறு ஏதாவது வியாதியா என்று குழம்பினேன்.

ஒரு நாள் வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டேன். பட்டியில் தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. குட்டிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. அவள் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, மடியில் ஒரு செம்மறிக் குட்டியைப் போட்டு, அதன் வாயில் விரலால் எதையோ ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சட்டி. சட்டியில் வெளிர்மஞ்சளாக, வெள்ளாட்டுப் பாலில் கரைத்த என் சத்துமாவு. குழந்தை இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் பேசியதை அப்படியே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை. நீயெல்லாம் ஒரு தாயா என்று ஆரம்பித்தேன். ஆடு விற்றால் காசு, பிள்ளை விற்றால் வருமா என்றேன். கடைசியாகச் சொன்னது இது:

"ஒண்ண வரப்புல வச்சிட்டு வந்தது பத்தலியா ஒனக்கு?"

அவள் கை நின்றது. குட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. அவள் அழுவாள் அல்லது என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"குட்டிக்கு ஆவுதான்னு பாத்தேங்க. அப்ப கெட போட்ட ஊர்ல ஒரு வூட்டம்மா பால்மாவு குடுத்தாங்க, பாவமா இருக்குன்னு. நல்ல மனசுலதான் குடுத்தாங்க. நானும் தெரியாம கரச்சி ஊட்டிட்டேன். தெரியாத ஒண்ண இனிமே எம்புள்ள வாயில வெக்க மாட்டேன்."

பிறகு விவரம் எல்லாம் சொன்னாள். அந்தப் பால்மாவை வாய்க்கால் தண்ணீரில் கரைத்திருக்கிறாள். வேறு தண்ணீர் இல்லை. அன்று சாயங்காலமே பையனுக்குக் கழிச்சல் பிடித்துவிட்டது. குற்றம் மாவில் என்று அவள் நினைத்தாள். தண்ணீரில் என்று எனக்குத் தெரிந்தது. என் மாவும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருந்திருக்கிறது. அதனால் மந்தையிலேயே நோஞ்சானாக, தாய் செத்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்த ஒரு குட்டியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு மாசம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். இதற்கே தாங்கினால் எதற்கும் தாங்கும் என்பது அவள் கணக்கு. குட்டிக்கு வயிறு கழியவில்லை. உப்பவில்லை. மயிர் பளபளவென்று வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்து வைத்திருந்தாளாம். குட்டியைத் தூக்கி என் பக்கம் காட்டினாள். துள்ளிக்கொண்டு இறங்கி ஓடியது அது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கஞ்சி போட்ட புடவை, பட்டிப் புழுக்கை எதையும் பார்க்கவில்லை. அவளைவிடப் பெரிய படிப்பு படித்தவள் நான். எனக்கு அந்த மாவு நல்லது என்று எப்படித் தெரியும்? ஆபீசில் சொன்னார்கள், நம்பினேன். அவள் யார் சொன்னதையும் நம்பாமல் கண்ணால் பார்த்துத் தீர்மானித்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜென்மம் நான். அன்றைக்குக் கேட்டேன். அவள் அடுத்த குட்டியைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அன்று நான் பால்வாடியை உதவிக்கு இருந்த ஆயாவிடம் விட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். ஏன் இருந்தேன் என்று தெரியவில்லை, எழுந்து போகக் கூச்சமாக இருந்தது என்பதுதான் உண்மை. அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். நோஞ்சான் குட்டிகளை மற்றதுகளிடமிருந்து பிரித்துப் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டிருந்தாள். பலத்த குட்டிகள் முட்டித் தள்ளிவிட்டுத் தின்றுவிடும் என்பதால் இவற்றுக்குத்தான் முதலில். கொஞ்சம் பால், கொஞ்ச நேரம் கழித்து இளந்தழை, அதையும் தரையில் போடாமல் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். நான்கைந்து வாய் தின்றதும் தழையை எடுத்துவிடுவாள். பொழுது கொஞ்சம் ஏறியதும் மறுபடி கட்டுவாள். காலையிலிருந்து தாய் ஆடுகள் திரும்பும் வரை ஒவ்வொரு குட்டிக்கும் ஏழு தடவை கொடுத்தாள். நான் எண்ணினேன்.

"ஏன் இத்தன வாட்டி குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"வவுறு சின்னதுல்லங்க டீச்சர். ஒரேயடியா போட்டா தாங்காது. காயப்போட்டா தேறாது. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே..."

முடிக்கவில்லை. அவள் கண் தரையில் உட்கார்ந்திருந்த குழந்தையிடம் போய்விட்டது. அதற்குக் காலையில் ஒரு தடவை மேல்தண்ணீர் கொடுத்திருந்தாள். இனி ஆடு திரும்பிய பிறகுதான். நடுவில் அது அழுதபோதெல்லாம் வறண்ட மார்பைக் கொடுத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் நான் பேசாமல் இருந்ததற்காகப் பெருமைப்படுவது அந்த ஒரு தடவைதான். அவள் வெகுநேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

உச்சி வெயிலில் அந்தக் குடியிருப்பில் புகை எழுந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்து வீடுகளில் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே வந்தாள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மாவைக் கெட்டியாகக் கிண்டி, ஆற வைத்து, குட்டிக்கு ஊட்டிய அதே மாதிரி விரல் நுனியில் எடுத்துக் குழந்தைக்கு ஊட்டினாள். நான்கு வாய். நிறுத்திவிட்டாள். பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு தடவை.

அதற்குப் பிறகு நான் சொல்லிக் கொடுக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. கூழின் மேல்தண்ணீரைத் தான் குடித்துவிட்டு அடிக்கூழைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். பச்சைப்பயறு வேக வைத்து மசித்தாள். முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து போட்டாள். கோழி முட்டை ஒன்று வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்குப் போகாமல் நின்றது. மாமனார் மாந்தம் வரும், மாந்தம் வரும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். குட்டி தின்றதைத்தான் பிள்ளை தின்கிறது என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதிலுக்கு மேல் ஆட்டுக்காரர் ஒருவரால் என்ன பேச முடியும்? மந்தையில் அந்தக் குட்டியைத் தூக்கிப் பார்த்தவர் அவர்தானே.

பொங்கல் கழிந்து ஒரு நாள் குழந்தை அந்தக் கவிழ்த்த மூங்கில் கூடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. உள்ளே இருந்த குட்டிகள் முட்டியதும் கூடை ஆடி, பொத்தென்று விழுந்தது. மறுபடி எழுந்தது. நான் கைதட்டினேன். அவள் கைதட்டவில்லை, கண் பட்டுவிடும் என்று முந்தானையால் அதன் முகத்தை மூடினாள். நின்றதே தவிர, நடை வரவில்லை. மாசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

அடுத்த கவலை மாவு. வாரத்துக்கு அளந்து கொடுத்ததே தப்பு. ஐந்து மாசத்துக்கு எங்கே போவேன்? மேலே கேட்டுப் பார்த்தேன். பால்வாடிக்கு வராத பிள்ளைக்கு மாவு இல்லை என்று பதில் வந்தது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, அந்த மஞ்சள் மாவில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். தானியமும் பயறும் எண்ணெய்ச் சத்தும் என்றேன். கம்பு இருக்கிறது, பச்சைப்பயறு இருக்கிறது, மல்லாட்டை இருக்கிறது, அப்புறம் என்ன என்றாள். படித்த எனக்கு அது தோன்றவில்லை. வெறுங்கையால் முழம் போடுகிறாளே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், அவள் வீட்டுப் பானையிலேயே எல்லாம் இருந்தது.

கம்பையும் பயறையும் பொன்னிறமாக வறுத்தோம். மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கினோம். அவள் வீட்டுத் திருகைக்கல்லில் அரைக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒற்றை ஆளாகச் சுற்றினாள். பிறகு கைப்பிடியில் தன் கையை மேலே தள்ளிக்கொண்டு, எதிரில் எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒரே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினோம். என் கை பட்ட மாவு அவள் வீட்டு முறத்தில் விழுந்தது. மாமனார் வாசலில் நின்று பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பட்டிப் பக்கம் போய்விட்டார். நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன், மாவு கொரகொரப்பாகிவிட்டது. மெதுவா சுத்துங்க என்று திட்டு வாங்கினேன்.

அரைத்த மாவைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று நான் எடுத்தபோது தடுத்துவிட்டாள். இந்த மாவையும் முதலில் குட்டிதான் தின்ன வேண்டுமாம். கம்பும் பயறும் காலங்காலமாகத் தின்பதுதானே என்று நான் வாதாடிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நாள் குட்டி தின்றது. நாலாம் நாள் பிள்ளை தின்றது. நல்ல வேளை, குட்டி ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

மாசியில் கிளம்பினார்கள். மந்தை முன்னால் புழுதியோடு போனது. ஆண்கள் தோளில் காவடி; ஒரு தட்டில் சட்டி பானை, ஒரு தட்டில் நடக்க முடியாத இளங்குட்டிகள். அவள் இடுப்பில் குழந்தை. தோளில் மாவு மூட்டை. தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் கொடுக்காதே என்று நான் பத்துத் தடவை சொன்னேன். பதினோராவது தடவை சொன்னபோது, போயிட்டு வரேங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். இவ்வளவு கனமான மூட்டையோடு போகிறவள் தினம் பகலில் விறகு பொறுக்கி அடுப்பு மூட்டுவாளா, கொதிக்க வைப்பாளா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அதை அவளிடம் கேட்கவில்லை.

அந்த ஐந்து மாசத்தைப் போல நான் எப்போதும் காத்துக் கிடந்ததில்லை. கடிதம் கிடையாது, சேதி கிடையாது. ஒரு நாள் இருந்த வயலில் மறுநாள் இருக்க மாட்டார்கள். பங்குனியில் திருமழபாடித் திருவிழாவுக்கு அம்மாவோடு போனேன். எல்லோரும் சாமி பார்த்தார்கள். நான் கொள்ளிடக் கரையில் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணல்தான் தெரிந்தது. சித்திரை பிறந்ததும் பயம் பிடித்தது. மூத்தவன் போன மாசம் அது. வைகாசியில் முன்கூட்டியே திரும்பிய ஒரு குடும்பத்திடம் கேட்டேன். அவர்கள் வேறு பக்கம் போயிருந்தார்களாம், எதுவும் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த வேலையில் இருக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கஷ்டப்பட்டுக் கிடைத்த வேலையை விடுகிறாளாம் என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆடியில் ஒரு நாள் காலை, முன்னாலேயே திரும்பிவிட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேற்கே புழுதி தெரிந்தது. பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மந்தை வந்தது. மாமனார் வந்தார். காவடி வந்தது. அவள் கடைசியில் வந்தாள். வெயிலில் கறுத்து, இளைத்து வந்தாள். அவள் இடுப்பில் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. பிள்ளை இல்லை.

அவள் நேராக என்னிடம் வந்து நின்றாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள். வழி தவறி வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பெரிய செம்மறியை, கையில் குச்சியோடு, மிரட்டிக்கொண்டே துரத்தி வந்தது ஒரு பெண் குழந்தை. தடுமாறாத நடை. செம்மறி நின்றால் அதுவும் நின்று குச்சியை ஓங்கியது. அந்தச் செம்மறி யார் என்று எனக்குத் தெரிந்தது. என் மாவைத் தின்ற குட்டி அது.

பெண்கள் சுற்றிலும் வந்து நின்றுவிட்டார்கள். மாமனாரும் காவடியை இறக்கிவிட்டு நின்றார். அவள் குழந்தையைப் பிடித்து எனக்கு முன்னால் நிறுத்தினாள். தினமும் கொதிக்க வைத்தாயா, மாவு போதுமாக இருந்ததா என்று ஐந்து மாசமாக நான் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் ஒன்றும் வாயில் வரவில்லை. வேப்பங்கிளையில் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன்.

"தூக்கிப் பாருங்க டீச்சர்" என்றாள்.

குனிந்து, பழைய நினைப்பில் ஒரு கையைக் கொடுத்தேன். அசையவில்லை. இரண்டு கையும் கொடுத்துத் தூக்கினேன்.